ஆட்டம் யார் பெயரில்?

தாயம் ஆட உட்காருகிறவர்கள் எடுத்தவுடன் கட்டையை உருட்டிவிடுவதில்லை. முதலில் விதி பேச வேண்டும். எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா? தாயம் விழுந்தால் மட்டும்தான் காய் இறங்குமா, ஐந்துக்கும் இறங்குமா? மலைக் கட்டத்தில் இரண்டு பேர் காயும் சேர்ந்து உட்காரலாமா? பன்னிரண்டு அடுத்தடுத்து மூன்று முறை விழுந்தால் அத்தனையும் செல்லுமா, மொத்தமும் அழிந்துவிடுமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஊருக்கொரு பதில் உண்டு, சில சமயம் தெருவுக்கொன்று.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தாமல் என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஏரி, பட்டுத்தறி, சிவன் கோயில், பெருமாள் கோயில். இப்படிப்பட்ட ஊர்களில் வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண் விழிக்கத் தாயமும் பரமபதமும்தான் துணை. செய்யாற்றுப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், "எங்க அம்மா வீட்ல வெட்டாம உள்ள விடமாட்டாங்க அத்தே" என்பாள். "இங்க அப்படி இல்லம்மா. சரி, இன்னிக்கு உன் இஷ்டப்படியே ஆடுவோம்" என்று மாமியார் விட்டுக்கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். எப்படியானாலும் கட்டை உருளும் முன்பே பேச்சு முடிந்துவிடும். நடு ஆட்டத்தில் விதி பேசுவது அழுகுணி ஆட்டம்.

வெட்டுக் கட்சி, வெட்டில்லாக் கட்சி என்று தாயக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்ததில்லை. தாயம் ஆடுகிறவர்கள் பெருந்தன்மைக்காரர்கள் என்பதல்ல காரணம். தாயத்தின் விதிக்குச் சொந்தக்காரர் கிடையாது. கட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் யார் வேண்டுமானாலும் போடலாம். பித்தளைக் கட்டை இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை போதும். விதியை மாற்றுவதற்கென்று ஓர் அலுவலகம் இல்லை. ஆகவே மாற்றத்தை எதிர்த்து யார் வாசலில் போய் நிற்பது என்ற கேள்வியும் எழவில்லை.

சொந்தக்காரர் வந்து சேர்ந்த ஆட்டங்களின் கதை வேறு.

இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குழந்தைகள் ஆடும் சதுரங்கம் நம் தாத்தாக்கள் ஆடிய சதுரங்கம் அல்ல. நாட்டுச் சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்விலும் பெரும்பாலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, இன்னும் 'செக்' வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட காலாள் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. குதிரை நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரை, யானை நின்ற வரிசையில் சேர்ந்தால் யானை. இதிலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு இருந்தது. ஹெச்.ஜே.ஆர். மரே 1913இல் வெளியிட்ட சதுரங்க வரலாற்றில் இந்திய ஆட்டமுறைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது.

ஐரோப்பிய விதி இங்கே நுழைந்த தடயம் பழையது. 1814இல் பம்பாயில் அச்சான ஒரு சதுரங்க நூல், சமஸ்கிருத மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்கிறது. ஆசிரியர் திருவேங்கடாசார்ய சாஸ்திரி. அவர் தென்னாட்டார் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. நாட்டு ஆட்டத்தில் ஊறிய ஒருவர் புதியவர்களின் விதிக்குள் போய்ப் புதிர்கள் அமைக்கிறார். அதே நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு மகேஷ்சந்திர பானர்ஜி நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். ஒரு கட்டமாகவே காலாளை நகர்த்திப் பழகிய கை, ஐரோப்பிய விதியில் ஆடும்போதும் அவசரப்படவில்லை. கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன் என்று தொடக்க ஆட்டங்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இந்தியன்' அந்தப் பழக்கத்தின் எச்சம் என்பது சதுரங்க வரலாறு எழுதியவர்கள் பொதுவாகத் தரும் விளக்கம்.

சத்யஜித் ராய் இதைப் படமாகவே எடுத்தார். பிரேம்சந்தின் கதையிலிருந்து 1977இல் வந்த 'சத்ரஞ்ஜ் கே கிலாடி' 1856இன் லக்னோவில் நடக்கிறது. ஆங்கிலேயர் சதுரங்கத்தை எப்படி வேகமாக ஆடுகிறார்கள், மந்திரியை எப்படி ராணியாக்கிவிட்டார்கள் என்று ஒருவர் விளக்க, சதுரங்கப் பித்தர்களான இரண்டு பிரபுக்களும் முகம் சுளிக்கிறார்கள். ராஜ்யம் கைமாறிய பிறகு ஊருக்கு வெளியே உட்கார்ந்து அந்த வேக ஆட்டத்தையே ஆடவும் செய்கிறார்கள்.

பஞ்சாபின் மீர் சுல்தான் கான் தந்தையிடம் கற்றது நாட்டு ஆட்டம். 1929இல் எஜமானருடன் லண்டன் போனவர் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அந்தப் பட்டம் அவருக்கே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார். தொடக்க ஆட்டங்களைப் புத்தகத்தில் படித்துத் தேர்ந்தவர்கள் நடுவே, வேறொரு விதியில் வளர்ந்தவர் இப்படி நின்றதை இன்றும் வியந்து பேசுகிறார்கள். கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 2024இல், இறந்து 58 ஆண்டுகள் கழித்து.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924இல் பாரிஸில் பிறந்தது. அகில இந்தியக் கூட்டமைப்பு 1951இல் வந்தது. மேனுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் 1972இல் தொடங்கிய டால் செஸ் கிளப்பில் ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர். இந்த வரிசையில் நாட்டு விதிக்கு இடமே இல்லை. அதைக் காப்பாற்ற யாரும் கொடி பிடிக்கவும் இல்லை. போட்டி, பட்டம், பயணம், ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை எல்லாம் ஒரு பக்கம் இருக்கும்போது, மறுபக்கம் நின்றவர்கள் வாதாடாமல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள். பிளவு நடந்தது. ஆனால் சத்தம் எழவில்லை, ஏனென்றால் ஒரு தரப்புக்குப் பேச மேடையே இருக்கவில்லை.

சத்தம் கேட்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1974 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். அச்சிட்டது ஆயிரம் பெட்டி. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன். ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதில் பாதி உடனே புரிந்துவிடும். கட்டியங்காரன் வேடத்தாரை யார், எந்த ஊர் என்று விசாரிப்பதைப் போலக் கதை நடத்துபவரும் ஆட்டக்காரரைக் கேட்டுக் கேட்டு நகர்த்துகிறார். மீதிப் பாதியில்தான் வித்தியாசம். கூத்தில் எத்தனை இரவு ஆடினாலும் பதினெட்டாம் போரன்று துரியோதனன் படுகளத்தில் விழுந்தே தீருவான். மேசை ஆட்டத்தில் விழுவானா, தப்புவானா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். அந்தப் பகடை எப்போது உருள வேண்டும், எந்த எண்ணுக்கு என்ன பலன் என்பதுதான் விதிப்புத்தகம்.

முதல் பெட்டியின் கடைசிப் பக்கங்கள், கற்பனை ஆட்டக்காரர்களுடையது, விதியை அவர்களே தீர்த்துக்கொள்ளலாம் என்ற தொனியில் முடிந்தன. கிட்டத்தட்ட தாயத்தின் நிலை. ஐந்தாண்டுக்குள் தொனி மாறியது. 1977க்கும் 1979க்கும் இடையே 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு மூன்று தடித்த புத்தகங்கள் வந்தபோது, எல்லா மேசையிலும் ஒரே ஆட்டம் நடக்க வேண்டும் என்று கைகாக்ஸே வாதாடினார். 1979இல் ஆர்னஸன், தனக்குச் சேர வேண்டிய உரிமத்தொகைக்காக நீதிமன்றம் போனார். விதியின் பெயரில் காசு இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1985இல் கைகாக்ஸ் தான் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

1989இல் இரண்டாம் பதிப்பு. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் அமெரிக்க மதக் குழுக்கள் இந்த ஆட்டத்தைச் சாத்தான் வேலை என்று தூற்றிக்கொண்டிருந்தன. புதிய புத்தகத்தில் பேய், பிசாசுகளின் பழைய பெயர்கள் போயின. கொலையாளி வேடம் போயிற்று. கணக்கை மாற்றினால் முணுமுணுப்பவர்கள், வேடத்தையே எடுத்துவிட்டால் கொதித்துப்போனார்கள். பத்தாண்டு ஒருவர் கட்டிவந்த வேடத்தை, ஆட்டம் பார்த்தே இராத வெளியாட்களுக்குப் பயந்து நீக்கியதை அவர்களால் செரிக்க முடியவில்லை.

1997இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஆட்டத்தை வாங்கியது. 1999இல் அந்த நிறுவனத்தைப் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு. முன்பெல்லாம் கவசம் எவ்வளவு உறுதியோ அதற்கான எண் அவ்வளவு குறைவு. அடி விழுந்ததா என்று அறியக் கழித்தல் போட வேண்டும். மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது: உறுதி கூடினால் எண்ணும் கூடும். பழையவர்களில் சிலருக்கு அந்தக் கழித்தல் கணக்கே தேர்ச்சியின் அடையாளமாக இருந்தது. இப்போது நேற்று வந்த பையனும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறான் என்பது அவர்கள் மனக்குறை.

அதே 2000இல் இன்னொன்றும் நடந்தது. திறந்த ஆட்ட உரிமம் என்ற பெயரில், விதிகளின் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புத்தகத்தை எழுதி விற்கலாம் என்று நிறுவனம் அனுமதித்தது. நூற்றுக்கணக்கான சிறு பதிப்பகங்கள் இதை நம்பிக் கடை விரித்தன. பின்னால் வந்த இரண்டு பெரிய சண்டைகளுக்கும் விதை இங்கேதான்.

முதல் சண்டை 2008இல். நான்காம் பதிப்பு, விதிகளை அடியோடு புரட்டியது. அதற்கு முன் மந்திரவாதிக்குப் பக்கம் பக்கமாக மந்திரங்கள், வாள்வீரனுக்கு ஓங்கி வெட்டுவது ஒன்றே வேலை. ஆட்டம் வளர வளர மந்திரவாதி மலையைப் பெயர்ப்பான், வாள்வீரன் அதே வெட்டை வெட்டிக்கொண்டிருப்பான். நான்காம் பதிப்பு எல்லா வேடத்துக்கும் ஒரே அமைப்பில் ஆற்றல்களைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியது, ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை. வாள்வீரன் ஆடியவர்கள் பலர் இப்போதுதான் எங்களுக்கும் வேலை வந்தது என்று மகிழ்ந்தார்கள். மறுபக்கத்தினர் எல்லா வேடமும் ஒரே முகமாகிவிட்டது, கணினி விளையாட்டை மேசைமேல் பரப்பிவைத்திருக்கிறார்கள் என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருந்தன. ஆட்டம் எதற்காக என்பதில்தான் வேறுபட்டன. ஒருவருக்கு அது சமமான போட்டி. மற்றவருக்கு அது ஒரு உலகம், உலகத்தில் மந்திரவாதியும் வாள்வீரனும் ஒன்றாக இருக்க முடியாது.

பதிப்புப் போர் என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. நிறுவனத்துக்காக மாத இதழ்களை நடத்திவந்த பைஸோ என்ற சிறு பதிப்பகம், 2007இல் அந்த உரிமை திரும்பப் பெறப்பட்டதும் கையில் இருந்த திறந்த உரிமத்தைப் பிடித்துக்கொண்டது. நிறுவனம் கைவிட்ட மூன்றாம் பதிப்பின் விதிகளைச் செப்பனிட்டு 2009இல் பாத்ஃபைண்டர் என்ற பெயரில் வெளியிட்டது. பழைய ஆட்டம் பிடித்தவர்கள் கூட்டமாக அங்கே போனார்கள். ஆட்டத்தின் பெயர் ஒருவரிடமும் ஆட்டம் இன்னொருவரிடமும் இருந்த விசித்திர நிலை. இன்னும் பின்னால் போக விரும்பியவர்கள் அதே உரிமத்தை வைத்து 1970களின் விதிகளை மறுபடி எழுதி, கழித்தல் கணக்கை மீட்டெடுத்தார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பிளவு ஆச்சரியம் தராது. வரதராஜப் பெருமாள் கோயிலில் தென்கலையாரும் வடகலையாரும் ஓதுவது ஒரே பிரபந்தம், சேவிப்பது ஒரே வரதர். பிரபந்தத்துக்கு முன்னால் ஸ்ரீசைலேச தயாபாத்ரமா, ராமாநுஜ தயாபாத்ரமா என்பதில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வழக்கு நடக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சுலோகம்தானே என்று தோன்றும். கிட்ட இருப்பவருக்குக் கோஷ்டியில் யார் முன்னே நிற்பது, யாருக்கு முதல் மரியாதை, கோயிலில் யாருடைய வழக்கம் செல்லும் என்பதெல்லாம் அந்த ஒரு சுலோகத்தில் அடங்கியிருக்கிறது. பதிப்புப் போரில் சண்டையிட்டவர்களையும் இப்படி நெருங்கிப் பார்த்தால்தான் பகடைக் கணக்குக்கு ஏன் இத்தனை கோபம் என்பது விளங்கும்.

நிறுவனம் பாடம் கற்றது. 2012இல் ஐந்தாம் பதிப்பின் வரைவைப் பொதுவில் விட்டு ஆட்டக்காரர்களையே ஆடிப்பார்த்துச் சொல்லச் சொன்னது. 2014இல் வெளியான அந்தப் பதிப்பு முந்தைய கட்சிகள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுத்தது. எட்டு ஆண்டுகள் ஓரளவு சமாதானம்.

2023 ஜனவரி முதல் வாரத்தில் அது உடைந்தது. நிறுவனம் தயாரித்திருந்த புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய திறந்த உரிமம் இனிச் செல்லாது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை நிறுவனத்துக்கு. பிறர் எழுதியதை நிறுவனம் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளவும் வழி. இதில் ஒரு பகடை விதிகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2008இல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட கட்சிகள் அத்தனையும் ஒரே பக்கம் வந்து நின்றன. நான்காம் பதிப்புக்காரர், பாத்ஃபைண்டர்காரர், கழித்தல் கணக்குக்காரர் எல்லாரும் நிறுவனத்தின் இணையச் சேவைச் சந்தாவை ரத்து செய்யச் சொன்னார்கள், ரத்தும் செய்தார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடாமல் விட்டதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. அந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. பைஸோ அதற்குள் நம்பிக்கை இழந்திருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பழைய உரிமத்தின் சாயலே இல்லாதபடி பாத்ஃபைண்டரைத் திருத்தி வெளியிட ஆரம்பித்தது.

சமாதானம் நிலைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2024 செப்டம்பரில் திருத்திய விதிப்புத்தகம் வந்தது. குள்ளர், எல்ஃப், ஆர்க் போன்ற பிறப்பு வகைகளை ஐம்பது ஆண்டுகளாக 'இனம்' என்று குறித்துவந்த சொல்லை நீக்கி உயிரியல் வகை என்ற பொருளில் வேறு சொல்லைப் போட்டார்கள். ஆர்க்காகப் பிறந்தால் பலம் கூடுதல், எல்ஃபாகப் பிறந்தால் லாவகம் கூடுதல் என்ற கணக்கும் போனது. வளர்ந்த சூழலும் கற்ற தொழிலும் இனி அதைத் தீர்மானிக்கும். பிறப்பை வைத்து அறிவையும் பலத்தையும் அளக்கும் விதியை நீக்கியது சரி என்றனர் ஒரு சாரார். கற்பனை உலகத்துக்குள் நிஜ உலக அரசியலைத் திணிக்கிறார்கள் என்றனர் மற்றவர்கள். பிறப்புக்கேற்ற தொழில் என்ற விதியைப் பல நூற்றாண்டு ஆடிப்பார்த்த மண்ணிலிருந்து இதைப் படிக்கிறவருக்கு, கற்பனையிலும் அந்த விதி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களின் நியாயம் எளிதில் பிடிபடாது.

சதுரங்கமும் இப்போது இதே சந்தைக்கு வந்திருக்கிறது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப்போட்டு ஆடும் முறையை பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்தார். 960 விதமாக அடுக்கலாம் என்பதால் மனப்பாடம் உதவாது. மாக்னஸ் கார்ல்சனும் ஒரு ஜெர்மன் தொழிலதிபரும் இதை 2025இல் பெரும் பரிசுத்தொகையோடு தொடர் போட்டியாக்கியபோது, உலகச் சாம்பியன் என்ற சொல்லை யார் பயன்படுத்தலாம் என்று உலகக் கூட்டமைப்போடு தகராறு மூண்டது. கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த ஆனந்த் முதல் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அப்போதைய உலகச் சாம்பியன் குகேஷ் போய் ஆடினார். சென்னையைச் சேர்ந்த இருவர், ஒரே விளையாட்டு, இரண்டு முடிவு. தகராறில் காய்களை எப்படி அடுக்குவது என்பது பெரிதாக அடிபடவில்லை. பட்டத்தைக் கொடுக்கும் அதிகாரம்தான் அடிபட்டது.

2023இல் பொதுவில் வைக்கப்பட்ட விதித்தொகுப்பைத் தமிழாக்க இன்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், மாற்றலாம், சேர்க்கலாம், விற்கவும் செய்யலாம். எல்ஃபுக்கும் ஆர்க்குக்கும் பதிலாகப் பாரதத்தை வைத்து ஒருவர் எழுதிப்பார்க்கட்டும். அரவானைக் களபலியிலிருந்து காப்பாற்றப் பகடை உருட்டலாமா என்பது முதல் தகராறு. வியாசரில் இல்லாத, ஆனால் நம் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் காவல் நிற்கும் போத்தராஜாவை வேடமாகச் சேர்க்கலாமா என்பது இரண்டாவது. வில்லிபுத்தூரார் கட்சி ஒரு மேசையிலும் கூத்துக் கட்சி இன்னொரு மேசையிலும் உட்கார அதிக நாள் ஆகாது. நீதிமன்றத்துக்குப் போக மட்டும் யாருக்கும் வழி இருக்காது.